கரையில் நின்று கூப்பிடுவது

தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் மற்றப் பெண்கள் லயத்து வீடுகளுக்கு ஏறிவிடுவார்கள். நான் மட்டும் கீழே இறங்குவேன். எங்கள் தோட்டத்துக்கு அடியில் நீர்த்தேக்கம் மலைக்குள் புகுந்து ஒரு சின்னக் குடாவாகக் கிடக்கிறது. அங்கேதான் என் வீட்டுக்காரர் தோணி போட்டு மீன் பிடிக்கிறார். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடக் காத்து நிற்பதைவிட, நோட்டன் பிரிட்ஜ் டவுன் கடைக்கு மீன் கொடுப்பது மரியாதை என்பார். நீச்சல் தெரியாத மனுசனுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது? கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது.

அவர் கரையேறும்வரை குடாவைச் சுற்றி நடப்பேன். வலை காயும் பாறையிலிருந்து சவுக்கு மரம் வரை, மறுபடி பாறைக்கு. உட்கார்ந்தால் மனசு கண்ட இடத்துக்கெல்லாம் ஓடும். எதிர்க்கரையில் மதகு இருக்கிறது. அதன் கிட்டே தண்ணீர் ஆளை இழுக்கும்.

அன்று அவர் நடுத்தண்ணீரில் இருக்கும்போதே பனி மூடிவிட்டது. நனைந்துவிடும் என்று போனையும் லயத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

தேயிலை மலையில் பனி மூடினால் நாங்கள் குரல் கொடுப்போம். ஒருத்தி கூப்பிட, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவள் வந்து சேருவாள். நானும் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். துடுப்புச் சத்தம் கிட்ட வந்தது. பிறகு தூரப் போனது. தூரப் போகப் போக இன்னும் உரக்கக் கத்தினேன்.

கடைசியில் பனிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“ரெண்டு பக்கமும் நீதான் கூப்பிடுற. கொஞ்ச நேரம் பேசாம இரு புள்ள.”

அப்போதுதான் உறைத்தது. எதிர்மலை என் குரலை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மதகுப் பக்கம் அவரை அழைத்ததும் நான்தான்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். துடுப்புச் சத்தமும் நின்றுபோனது. பனி விலகக் காத்திருக்கிறாரா, இழுப்பில் போய்விட்டாரா? கேட்கவும் வழியில்லை. பாறைக்கும் மரத்துக்குமாக ஓடினேன். கால் வழுக்கி விழுந்தபோதும் சத்தம் போடவில்லை.

வெகுநேரம் கழித்துப் பனி சற்றுக் கலைந்தது. தோணியின் மூக்கு தெரிந்தது. அவர் இறங்கி, வலையைக் கரையில் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

“வந்துட்டேன்ல, இனி எவ்வளவு வேணும்னாலும் திட்டு” என்றார்.

திட்டுவதற்கு நிறைய இருந்தது. வாயிலிருந்து கையை எடுக்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.