வெள்ளையடித்த இரும்புக்கொடி

மலாயாவில் செர்டாங் அருகே, வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவின் முகப்பில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். முட்டி வலிக்கிறது, வழியில் ஜப்பானியர் சோதனை வேறு இருக்கிறது. ஆனாலும் கண் மேலே போகிறது. இத்தாலி நாட்டுப் பாணியில் கட்டிய வீடு. வளைவுகள் ஐந்து, முறுக்கிய தூண்கள் ஆறு, தரையில் நீலப்பூ ஓடுகள். நடு வளைவை அடைத்து நிற்கும் கிராதியில் ஒரு கொடி படர்ந்திருக்கிறது, சுவரைப் போலவே வெள்ளையாக. சிமெண்டில் இத்தனை மெல்லிய இலையா! நகத்தால் சுரண்டுகிறேன். உள்ளே கறுப்பு இரும்பு.

“கிராணி ஐயா, கை வைக்காதீங்கலா!” தோட்டத்துக் கணக்கனான என்னை அடையாளம் கண்டு, பங்களா கூட்டும் பெண் ஓடிவருகிறாள். “ஜப்பான்காரன் வாசல் கேட்டு, சன்னல் கம்பி எல்லாம் புடுங்கிட்டுப் போயிட்டான். இத மட்டும் சிமெண்டுன்னு நெனச்சு விட்டுட்டான்.”

சுண்ணாம்பில் மரவள்ளிக் கஞ்சியைக் கலந்து அவளே பூசியிருக்கிறாள். கொல்லனான அவள் புருஷன் அடித்த கிராதி இது. அவனைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“துரை திராட்சைக்கொடி படம் காட்டினாரு. இவரு திராட்சைய எங்க கண்டாரு? சுண்டக்காயா அடிச்சு வச்சுட்டாரு.”

உண்மைதான். பன்னிரண்டு கொத்தும் தொங்காமல் நிமிர்ந்து நிற்கும் அசல் சுண்டைக்காய். என்ன அழகு! நான் சுரண்டிய இலை மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. சாலையில் ஜப்பானியர் லாரிச் சத்தம் கேட்கிறது. கையிலிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டு, அவள் ஓடிப்போய் எடுத்துவந்த சுண்ணாம்புச் சட்டியை வாங்குகிறேன்.

“மெல்லிசாப் பூசுங்கய்யா,” என்கிறாள். “எல நரம்பு மூடிடப் போவுது. அவரு வந்தா என்னத்தான் ஏசுவாரு.”