ஏரியில் எடுத்த செவ்வாய்

அம்மாவின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிவந்த விண்கலம் ஒன்று, தரையிறங்கச் சமமான இடம் தேடிப் படம் படமாக எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. பள்ளமும் பாறையுமாக நாளிதழில் வந்த அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். பூந்தமல்லியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் அவருக்கு வேலை. மறுநாள் அம்மாவை ஆபரேஷனுக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அதற்குமுன் பிள்ளைகளோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்டதால், முதலாளியிடம் கெஞ்சி கேமராவை வாங்கி வந்திருந்தார். இருந்தது ஒரே ரோல், பன்னிரண்டு படம்.

மாமா சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்பத்தூர் ஏரி வற்றி வெடித்துக் கிடந்தது. அண்ணன் சைக்கிளை வட்டமாக மிதிக்க, நான் கேரியரில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து தரையைப் படம் எடுத்தேன். மாட்டுக் குளம்படிகள்தாம் பள்ளங்கள்.

“கொஞ்சம் நிறுத்துடா, ஆடுது.”

“ராக்கெட்டு இன்னா பஸ்ஸா, கை காட்னா நிக்கிறதுக்கு? எடுறா!”

ஒன்றாவது மிச்சம் வைக்கத்தான் நினைத்தேன். கை நிற்கவில்லை.

சாயங்காலம் அம்மா கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் இருவரையும் இருபுறமும் நிறுத்திக்கொண்டாள். மாமா கேமராவின் பின்புறமிருந்த சிவப்புக் கண்ணாடியில் படத்தின் எண்ணைத் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் அடைத்திருந்தன. “அக்கா, கொஞ்சம் சிரி” என்று சொல்லி, ஃபிலிம் தீர்ந்த கேமராவை அழுத்தினார். அடி வாங்காமல் தப்பித்ததில் எனக்கு மகிழ்ச்சி.

அம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆபரேஷனுக்கு முந்தைய நாள். கழுவி வந்த படங்களை மாமா சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்தார். நான்தான் பிடுங்கி அவளிடம் நீட்டினேன். அவள் எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, கவரைக் கவிழ்த்து உதறினாள்.

“இன்னாடா, ஒரே மண்ணா கீது? ஆளுங்களே காணமே?”

அம்மா மாமாவைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“செவ்வாயில ஆளு கெடையாதும்மா” என்றேன்.

சரியான பதிலைச் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன்.