நம்ம ஆள் அரசு வக்கீல் ஆனார்

அரசு வக்கீலை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை என்று பள்ளியில் படித்தேன். அது பொய். நாங்கள் ஓட்டுப் போட்டுத்தான் ஒருவரைக் கொண்டுவந்தோம். சட்டமன்றத் தேர்தலில் ஒரு சின்னத்தின் மேல் குத்துகிற முத்திரை, நாளைக்குச் செஷன்ஸ் கோர்ட்டில் கறுப்புக் கோட்டுடன் எழுந்து நிற்கப்போகிற ஒருவருக்கும் சேர்த்துத்தான் விழுகிறது. ஆட்சி மாறினால் பழைய அரசு வக்கீல்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜெயித்த கட்சியின் வக்கீல்கள் அந்த இடத்துக்கு வருவார்கள். இதைத் தப்பென்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. டிப்போவில் டிரைவர் மாறுவதைப் போலத்தான் பேசிக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒரு மாற்றம் வந்தபோது என் தம்பியின் வழக்கு விசாரணைக்குக் காத்திருந்தது.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் பன்றிகள் வாழைக்கிழங்கைக் கிளறிப் போட்டுவிடும். அதற்காகச் சில தோட்டக்காரர்கள் திருட்டுத்தனமாக வேலிக் கம்பியில் கரண்ட் விடுவார்கள். ஊருக்கே தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு ஐப்பசி விடியற்காலையில் தம்பி எங்கள் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனான். பக்கத்து வாழைத்தோட்டத்தின் வரப்பில் கால் வழுக்கி, விழாமல் இருக்கக் கம்பியைப் பிடித்திருக்கிறான். பத்தொன்பது வயது.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, திருநெல்வேலி ஜங்ஷனில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் பட்டறை ஒன்றுக்கு ஊரிலிருந்தே தினமும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அப்பாவுக்கு முன்னால் நான்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். அதற்குள் கரண்டை எடுத்துவிட்டிருந்தார்கள். தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் என் கண், படித்த பழக்கத்தில், கம்பியைப் பார்த்தது. மின்வாரியத்தின் அலுமினியக் கம்பி இல்லை, கடையில் வாங்குகிற ஜி.ஐ. இரும்புக் கம்பி. மூங்கில் குச்சிகளில் கட்டியிருந்தது. ஒவ்வொரு குச்சியிலும் கம்பிக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தார்கள்.

வெறும் வேலிக்கு யாரும் ரப்பர் சுற்ற மாட்டார்கள். கம்பியில் ஓடுகிற கரண்ட் ஈரக் குச்சி வழியாக மண்ணுக்கு இறங்கிவிடாமல் இருக்கத்தான் ரப்பர்.

தம்பியை வீட்டுக்குத் தூக்கி வந்த நேரத்தில் தோட்டத்து ஆட்கள் கம்பியைச் சுருட்டிவிட்டார்கள், குச்சிகளைப் பிடுங்கிவிட்டார்கள். போலீஸ் வந்தபோது சேற்றில் கிடந்தவை சில ரப்பர் துண்டுகள் மட்டும். அவற்றை ஒரு கவரில் போட்டுக்கொண்டு போனார்கள். தோட்டக்காரர் சொன்ன கதை சுலபமானது. ராத்திரிக் காற்றில் மின்வாரிய லைன் அறுந்து தன்னுடைய சாதாரண வேலிமேல் விழுந்துவிட்டது, தெய்வக் குற்றம். ரப்பர் துண்டுகள் பம்ப்செட் அறைக் குப்பை. அந்தக் குப்பை கம்பிக்கும் குச்சிக்கும் நடுவில் இருந்ததைப் பார்த்ததாகச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். அப்பா தம்பியின் முகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கூட நின்ற மற்றவர்கள் எல்லாம் அந்தத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள்.

முதலில் எங்கள் வழக்கை எடுத்திருந்த அரசு வக்கீல் சிடுசிடுப்பானவர். அப்போதைய ஆளுங்கட்சிக்காரர். அப்பாவோ முப்பது வருடமாக எதிர்க்கட்சி, ஊர்க்கிளையில் பொறுப்பில் இருந்தவர். அந்த வக்கீலின் ஆபீசில் கொடுத்த காப்பியைக்கூட அப்பா தொடவில்லை. ஆறவிட்டு அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

நான் டியூப்பைப் பற்றிச் சொன்னதும் அந்த வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். குமாஸ்தாவை அனுப்பி ஒரு கம்பும் கொஞ்சம் கம்பியும் ஒரு டியூப்பும் வாங்கி வரச் சொன்னார்.

"கட்டிக் காட்டு."

கட்டிக் காட்டினேன்.

"இங்கனதானா? கம்பிக்கு மேலயா, அடியிலயா?"

"அடியில சார். கம்பி குச்சியைத் தொடாம இருக்க."

அவர் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேஸே இதாம்மா. கம்பிக்கும் குச்சிக்கும் நடுவுல என்ன இருந்துச்சுன்னு நான் கேப்பேன். டியூப்னு சொல்லு. எதுக்குன்னு கேப்பேன். இப்ப சொன்னியே, அதைச் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லவேண்டாம். அழக்கூடாது."

"அழ மாட்டேன் சார்."

"அழுதா ஜட்ஜுக்குப் பாவமா இருக்கும். பாவம் பாத்து எவனுக்கும் தண்டனை குடுக்க முடியாது."

விசாரணை தொடங்குவதற்குள் தேர்தல் வந்தது. எங்கள் வீட்டுத் தெருச்சுவர் எப்போதும் அப்பாவின் கட்சிக்குத்தான். சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரைந்தார்கள். தம்பி போன பிறகு அப்பா வீட்டைவிட்டு வெளியே போய்ச் சிரித்துப் பேசியது அந்தத் தேர்தல் வேலையில்தான் என்பதால் நானும் அம்மாவும் தடுக்கவில்லை. கட்சி ஜெயித்தது. அன்றைக்கே அப்பா ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தார்.

"இனிமே அந்த ஆளு இருக்க மாட்டாரு. நம்ம ஆளைப் போடச் சொல்லணும்."

"எதுக்குப்பா? அவரு நல்லாப் படிச்சு வச்சிருக்காரு. டியூப்பைப் பத்தி..."

"அவன் எதிரிக் கட்சி. தோட்டக்காரன் கூப்பிட்டுப் பேசினா கவுத்திருவான். நம்ம கட்சி வக்கீலு நம்ம பிள்ளையை விட்டுக்குடுப்பாரா? நீ பாடத்தை மட்டும் படிச்சிருக்க. ஊரைப் படிக்கலை."

பழையவர் எப்படியும் போகத்தான் போகிறார் என்பது உண்மை. அவர் இடத்துக்கு யார் வருவது என்பதில்தான் போட்டி. எங்கள் கோர்ட்டுக்கு மூன்று பேர் முயன்றார்கள். ஒருவர் கொலை வழக்குகளே நடத்தி நரைத்தவர். இன்னொருவர் அவருக்கு ஜூனியராக இருந்தவர். மூன்றாமவர் வாடகைத் தகராறும் பத்திரமும் பார்ப்பவர். ஆனால் எங்கள் பக்கத்துக்காரர், தேர்தலில் பூத் பூத்தாகச் சுற்றியவர், அப்பாவை "அண்ணாச்சி" என்று கூப்பிடுகிறவர். கிளைகளிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து மாவட்டப் பொறுப்பாளர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். எந்த வக்கீலுக்கு வாசலில் கூட்டம் அதிகம் என்று உள்ளேயிருந்து பார்த்திருப்பார்கள் போல. அப்பா மூன்று தடவை போனார். மகனைப் பறிகொடுத்தவர் என்று அவரையே முன்னால் நிறுத்திப் பேச வைத்தார்களாம். அதைப் பெருமையாக வந்து சொன்னார்.

மூன்றாமவருக்கே கிடைத்தது. அப்பா கரைபோட்ட துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய் அவர் தோளில் போட்டுவிட்டு வந்தார்.

புது அரசு வக்கீலின் ஆபீசில் எப்போதும் கூட்டம். வழக்குக்காக வந்தவர்கள் குறைவு. டிரான்ஸ்பர், ரேஷன் கடை, சத்துணவு வேலை என்று வந்தவர்கள்தான் அதிகம். எனக்கு ஒதுங்கி உட்கார ஒரு பெஞ்ச் காட்டினார். நல்ல மனிதர். அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் அப்பாவுக்குப் புரிந்திருக்கும்.

"சார், டியூப்பைப் பத்தி நீங்க கேட்டாத்தான் நான் சொல்ல முடியும்."

"எல்லாம் கேஸ் கட்டுல இருக்கும்லா?"

"துண்டு கிடைச்சுதுன்னு இருக்கு. எங்க கட்டியிருந்துச்சுன்னு நான் வாயால சொல்லணும்."

"கேப்பேம்மா, கேக்காம இருப்பனா. அண்ணாச்சி, பிள்ளை என்ன விவரமாப் பேசுது பாத்தீரா? கட்சியில மகளிரணிக்கு அனுப்பிரும்வே." கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். போன் அடித்தது. அவர் யாருக்கோ டிரான்ஸ்பர் பேச ஆரம்பித்தார். மறுபடியும் ஒருநாள் தனியாகப் போனேன். வழக்குக் கட்டு நாடா அவிழ்க்காமல் அலமாரி மேல் இருந்தது. அதன்மேல் யாரோ கல்யாணப் பத்திரிகைகளை அடுக்கியிருந்தார்கள்.

சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று எனக்கு எதுவும் படபடக்கவில்லை. சொல்ல வேண்டியவை வரிசையாக இருந்தன. கம்பி, குச்சி, டியூப், எதற்கு. நான்கே நான்கு.

அரசு வக்கீல் எழுந்தார். பெயர் கேட்டார். இறந்தவர் என்ன உறவு என்று கேட்டார். யார் சத்தம் போட்டது என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி எப்படிக் கிடந்தான்மா?" என்றார். சொன்னேன். "இன்னொரு தடவை ஐயாவுக்குக் கேக்கிறாப்பல சொல்லு" என்றார். மறுபடியும் சொன்னேன். நான் அழுவேன் என்று காத்திருந்தார். நான் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன்.

"அவ்வளவுதான் ஐயா" என்று உட்கார்ந்துவிட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "வேலியில கரண்ட் குடுத்ததை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலை. ஆனா கம்பிக்கு அடியில..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. முந்தின ராத்திரி காத்து அடிச்சுதா?"

"அடிச்சுது."

"அவ்வளவுதான் ஐயா."

நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்தார். "இந்தச் சாட்சிகிட்ட மறுவிசாரணை உண்டா?"

அவர் வாசலில் நின்ற யாருக்கோ கையால் 'இரு' என்று காட்டிக்கொண்டிருந்தார். "இல்லை ஐயா."

நான் இறங்கவில்லை. "ஐயா, டியூப்பைப் பத்தி என்கிட்ட யாருமே கேக்கலை" என்றேன். என் குரல் உயரவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு மறுபடியும் அரசு வக்கீலைப் பார்த்தார்.

அவர் எழுந்து பரிவோடு சொன்னார்: "கூடப்பிறந்தவன் போயிட்டாம்லா ஐயா. பிள்ளைக்கு மனசு சரியில்லை."

"எறங்கலாம்மா" என்றார் நீதிபதி. அவரும் பரிவோடுதான் சொன்னார்.

வராந்தாவில் பழைய வக்கீல் வேறு யாருடைய வழக்குக்கோ நின்றிருந்தார். "கேட்டாரா?" என்றார். இல்லை என்றேன். "கேஸ் கட்டை ஒப்படைக்கையில நீங்களாவது அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

"என்கிட்டயும் யாரும் கேக்கலையேம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவரையும் நான் மன்னிக்கவில்லை.

தோட்டக்காரர் விடுதலையானார். வேலியில் வேண்டுமென்றே மின்சாரம் விடப்பட்டதற்கு அரசுத் தரப்பு சாட்சியம் எதுவும் வைக்கவில்லை என்று தீர்ப்பில் இருந்தது. அது சரியான தீர்ப்பு. வைத்ததைப் பார்த்துத்தானே எழுத முடியும். அப்பீல் போகலாமா என்று விசாரித்தேன். அரசுதான் போக வேண்டும், அதற்கு அரசு வக்கீல்தான் கருத்து எழுத வேண்டும் என்றார்கள். அதே அரசு வக்கீல். "பாப்போம்மா" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "நம்ம ஆளு என்ன செய்வாரு. சாட்சி பத்தலை."

சாட்சி நான். அவர் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். பஸ் பேட்டையைத் தாண்டியதிலிருந்து ஊர் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தேன். அதற்குப் பிறகு வெகுநாள் அவரிடம் சாப்பிட வாருங்கள் என்பதற்கு மேல் பேசவில்லை.

அடுத்து வந்த பாராளுமன்றத் தேர்தலுக்குச் சுவர் கேட்டு அரசு வக்கீலே ஊருக்கு வந்தார். பின்னால் நாலைந்து பேர் சுண்ணாம்பு வாளியோடு நின்றார்கள். அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். என்னைப் பார்த்ததும் வக்கீல், "என்னம்மா, சௌரியமா இருக்கியா?" என்றார்.

"இருக்கேன் சார். சுவரைத் தாரோம். அதுக்கு முன்னால என்கிட்ட அந்தக் கேள்வியைக் கேளுங்க."

"எந்தக் கேள்விம்மா?"

"டியூப் எங்க இருந்துச்சுன்னு."

அவர் அப்பாவைப் பார்த்தார், வாளிக்காரர்களைப் பார்த்தார். நடிப்பு இல்லை. உண்மையாகவே யோசித்தார். "எந்த டியூப்பும்மா?"

அப்பா அவரிடம் நீட்டிய காப்பி டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதை வக்கீலுக்குப் பக்கத்தில் திண்ணைத் திண்டின்மேல் வைத்தார்.

"இந்தத் தடவை சுவரு வேண்டாம்யா" என்றார்.

"என்ன அண்ணாச்சி, கோவமா?"

"கோவம் என்ன கோவம். வேண்டாம்."

அவர்கள் எதிர்வீட்டுச் சுவருக்குப் போனார்கள். எனக்கு ஆறுதலாக இருந்ததா என்று அம்மா பிறகு கேட்டாள். இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா முதல் தடவையாக என்னிடம் வந்து, "அந்த டியூப்பை எங்கன கட்டியிருந்தாம்மா?" என்று கேட்டார். ஒரு குச்சியை எடுத்துக் கட்டிக் காட்டினேன். கோர்ட்டில் சொல்ல வைத்திருந்த நான்கையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தேர்தலன்று ஓட்டை மட்டும் அந்தக் கட்சிச் சின்னத்துக்கேதான் போட்டுவிட்டு வந்தார்.