கழுத்தில் நூல் கட்டிய பாட்டில்

மஞ்சளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் காய்ந்த விரலி மஞ்சளைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தால், அது எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லிவிடுவேன். ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வரைக்கும் என் டிரம் உருளாத களம் கிடையாது. மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்ட பிறகு, மேல்தோல் போய் மெருகு ஏறுவதற்காக டிரம்மில் போட்டு உருட்டுவார்கள். கையால் சுற்றும் டிரம்முக்குக் கூலி ஆளாகப் போனவன், பத்து வருசத்தில் இன்ஜின் வைத்த டிரம் இரண்டுக்குச் சொந்தக்காரன் ஆனேன். எவன் காலிலும் விழவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் உருட்டிக் கொடுத்தவன் வீட்டு மஞ்சள் டிரம்மையே பார்த்தது கிடையாது. வீட்டுக்கு வேண்டியதைச் சாக்கில் கட்டி நானே காலால் தேய்த்து எடுப்பேன். அவ்வளவு சுத்தம்.

அப்படிப்பட்டவன் பெண்டாட்டிக்கு, பட்டணத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருக்கும் என் மகள் வீட்டில், பாக்கெட்டைக் கிழித்து மஞ்சள் பால் கலக்கிக் கொடுத்தார்கள். என் கண் முன்னால்.

கண் ஆபரேஷனுக்காகத்தான் அங்கே போயிருந்தோம். என் பெண்டாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு வியாழக்கிழமை என்று தேதி கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சளி பிடித்து, திங்கட்கிழமை இருமல் வந்துவிட்டது. டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: மேசையில் படுக்க வைத்துக் கண்ணில் கை வைத்திருக்கும்போது இருமினால் தலை ஆடும், அதனால் இருமல் நின்றால்தான் ஆபரேஷன், நிற்காவிட்டால் எப்போது தேதி கிடைக்குமோ. ஒரு சிரப்பும் எழுதிக் கொடுத்தார். அவளோ போன வாரம்தான் அடுப்பு என்று நினைத்துப் பக்கத்துத் திண்டில் சட்டியை வைத்துவிட்டு, தண்ணீர் கொதிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். இருமல் வியாழனுக்குள் நின்றாக வேண்டும். அதற்குத்தான் மஞ்சள் பால்.

"அதென்ன சாமி, பொட்டலம்?" என்று மகளைக் கேட்டேன்.

"மஞ்சப் பால் மிக்ஸுங்கப்பா. சுடு பால்ல போட்டுக் கலக்குனா ஆச்சு. ஏலக்காய், குங்குமப்பூ எல்லாம் இதுலயே இருக்குது."

"மஞ்சள் இருக்குதா?"

"மஞ்சள் இல்லாமயா மஞ்சப் பால்னு போடுவாங்க?"

"படி பாக்கலாம். முதல்ல என்ன போட்டிருக்குது?"

அவள் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாள். முதலில் சர்க்கரை. அடுத்தது பால் பவுடர். அப்புறம் வாயில் நுழையாத இரண்டு பெயர். மஞ்சள் கடைசிக்கு முந்தியது. கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைத்த மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குள் என் பெண்டாட்டி டம்ளரை வாங்கிப் பாதி குடித்துவிட்டு, "பாயாசமாட்ட இருக்குதுங்க, நல்லாத்தான் இருக்குது" என்றாள். நாற்பது வருசம் என் கை மஞ்சள் சாப்பிட்ட நாக்கு!

"எல்லாரும் அக்கட்டால போங்க. நான் காச்சறேன்" என்றேன்.

ஊரிலிருந்து கிளம்பும்போதே, நம்ம மஞ்சள்தூளை ஒரு பாட்டில் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். பட்டணத்துச் சமையலறையில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு காப்பித்தூள் பாட்டில் இருந்தன. இரண்டிலும் மஞ்சள்தூள். ஒன்றின் கழுத்தில் வெள்ளை நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. கும்பத்துக்கு நூல் சுற்றுகிற மாதிரி. பெண்டாட்டி முதல்தரத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அதைத்தான் எடுத்து வந்தேன்.

மஞ்சள் பால் காய்ச்சுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பாலில் மஞ்சளைத் தூவிக் கலக்குவது காய்ச்சுவது ஆகாது. முதலில் அரை டம்ளர் தண்ணீர். அதில் நாலு மிளகைத் தட்டிப் போட்டு, நகத்தளவு சுக்கு, அரை ஸ்பூன் மஞ்சள். தண்ணீர் பாதியாகச் சுண்ட வேண்டும். அதற்கப்புறம்தான் பால். ஒரு கொதி, இறக்கு. வடிகட்டி, பனங்கற்கண்டு போட்டு, மேலே ஒரு சொட்டு நெய். இதை அந்தப் பாக்கெட்டுக்காரனிடம் போய் யாராவது சொல்லுங்கள்.

கொதிக்கும்போதே ஒரு வாசம் வந்தது. கற்பூரம் மாதிரி. "அப்பா, என்னுங்க இது, கோயில் வாசம் அடிக்குது?" என்றாள் மகள். "பாக்கெட் பாலு அப்படித்தான் அடிக்கும்" என்றேன். டம்ளரைக் கொண்டுபோய் என் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரில் நின்றேன்.

ஒரு வாய் குடித்தாள். முகம் கோணிப் போயிற்று. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, இது மூஞ்சிக்குப் பூசற மஞ்சளுங்க."

"ஆரு சொன்னது?"

"என்ற நாக்கு சொல்லுதுங்க. கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் போட்டு நாந்தானுங்களே இடிச்சேன்? நூல் கட்டுன பாட்டிலையா எடுத்துட்டு வந்தீங்க?"

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மாவுக்கு இனி வவுத்துக்குள்ளாற மினுமினுன்னு ஆயிரும்!" என்றாள். பெண்டாட்டியும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிப் போய், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் இருமினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நூல் கட்டுனா அது ஒசந்ததுன்னுதான் எவனும் நெனைப்பான். குளிக்கற மஞ்சளுக்கு ஏம்புள்ள நூலு?"

"கண்ணு மங்கலுங்களே, கொழம்புல அதைப் போட்டுறக் கூடாதுன்னு தடவிப் பாக்கறதுக்குக் கட்டி வெச்சனுங்க. உப்புக்கு ரப்பர் பேண்டு. சக்கரைக்கு ஒண்ணும் இல்லீங்க."

"எப்பருந்து?"

"ரெண்டு வருசமிருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சமையக்கட்டுல வெளிச்சம் பத்தலைங்கன்னு சொன்னனுங்க. நீங்க பல்ப மாத்திப் போட்டீங்க."

பல்பை மாத்தினேன்தான். பெரிய பல்பாகவே வாங்கி மாட்டினேன். அதற்கு மேல் இரண்டு வருசம் அந்தச் சமையலறையில் ரப்பர் பேண்டைத் தடவிப் பார்த்து உப்புப் போட்டிருக்கிறாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உப்புக் கம்மி என்று சத்தம் போட்டிருக்கிறேன். மஞ்சளை ஒடித்துப் பார்த்தே வெயிலைச் சொல்கிறவனுக்கு இது தெரியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். மளிகை மண்டிக் கடை ஒன்றில் விரலி மஞ்சள் கேட்டேன். கடைக்காரர் ஒரு கை அள்ளிப் போட்டார். பொன் மாதிரி மின்னியது. ஒன்றை எடுத்து, எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்தேன். கோடு கோடாகக் கலர் இறங்கியது.

"மஞ்சளா இது? சுண்ணாம்படிச்ச சுவராட்ட இருக்குது!" என்று சத்தம் போட்டேன். "சீக்குக்காரிக்குப் பால் காச்சோணும். இதைக் கொண்டுபோயி அவ தொண்டையில ஊத்தறதா? கலர் பூசாதது எடுங்க!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் பதறவில்லை. உள்ளே போய், கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய ஒரு துணிப்பையிலிருந்து ஐந்தாறு விரலி மஞ்சள் எடுத்து வந்தார். சாம்பல் படிந்த மாதிரி, தோல் சுருங்கி, பார்க்க ஒன்றுமில்லை. ஒடித்தேன். டிங்கென்றது. உள்ளே ஆரஞ்சு நிறம்.

"இது எங்க ஊட்டுக்கு வெச்சதுங்க. ஒடம்பு முடியாதவங்களுக்குன்னு சொல்றீங்க, கொண்டு போங்க" என்றார்.

"உங்க ஊட்டுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா?"

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க நாமகிரிப்பேட்டைப் பக்கம் டிரம் ஓட்டுனவருதானுங்களே? சின்னப் பையனா எங்கப்பாகூடக் களத்துக்கு வந்திருக்கறனுங்க. கடைசி உருட்டுல வாளியில கரைச்சு ஊத்துவீங்களே, அதுலதானுங்க இந்தக் கலரு வருது?"

ஆமாம், ஊற்றினேன். வியாபாரி கலர்ப்பொடிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான், கரைத்து ஊற்றினேன். ஊற்றாத டிரம்மைக் களத்துக்குள் கூப்பிட மாட்டேன் என்றான். நான் ஊற்றாவிட்டால் அடுத்த டிரம்காரன் ஊற்றப் போகிறான். எல்லாரும் செய்ததுதான். அதைக் கடைக்குள் நாலு பேர் முன்னால் வைத்து ஒரு மனுசன் கேட்கலாமா? மஞ்சளை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினேன். இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக இருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு பொய் கூட இல்லை, அதுதான்.

வீட்டுக்கு வந்து அந்த விரலி மஞ்சளை நானே தட்டி, நானே காய்ச்சினேன். திங்கள் சாயங்காலம், செவ்வாய் மூன்று வேளை, புதன் மூன்று வேளை. புதன் மத்தியானம் இருமல் நின்றது. மகள் சிரப்பால்தான் நின்றது என்கிறாள். சிரப் பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. நான் தூக்கிப் பார்த்தேன். வியாழக்கிழமை என் பெண்டாட்டி மேசையில் அசையாமல் படுத்திருந்தாள் என்று டாக்டரம்மாவே வெளியே வந்து சொன்னார். மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போலக் காய்ச்சிக் கொடுத்தேன். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, புதுக்கண்ணால் உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, மஞ்சள் பத்தலைங்களே? வெளுத்துக் கெடக்குது."

"கண்ணுல புரை இருந்ததனால உனக்கு எல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சுது. நெசமான மஞ்சளுக்கு இதுதான் நெறம்."

"அப்படீங்களா?" அவள் ஒரு வாய் குடித்தாள். "அப்ப நான் களத்துக்குச் சோறு கொண்டாந்த காலத்துல, எனக்குக் கண்ணு நல்லா இருந்துச்சுங்களே, நம்ம டிரம்முல இருந்து கொட்டுனதெல்லாம் தகதகன்னு இருந்துச்சே? அது என்னுங்க?"

"பாலைக் குடி புள்ள, ஆறிப் போகுது."

குடித்தாள். டம்ளருக்கு மேலே அந்தக் கண் என்னை விட்டு நகரவில்லை. நாற்பது வருசம் கேட்காத கேள்வி. ஒரு கண் தெளிந்த மூன்றாம் நாளே கேட்கிறாள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.