பூண்டுப் பரணில் ஒரு சொட்டு ரத்தம்

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ஆளின் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தேன். நான் டாக்டர் இல்லை. கம்பவுண்டர்கூட இல்லை. ஆனாலும் எடுத்தேன். "ஏங்க, ஊசியில நூல் கோக்கத் தெரியாத நீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி கல்யாணி. இந்த வீட்டில் எனக்கு மரியாதை அவ்வளவுதான்!

விரலுக்குச் சொந்தக்காரர் வேலுச்சாமி. மேல்மலையில் பூண்டு போடுகிற விவசாயி. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்கு வந்தால், செண்பகனூர் வரை இறங்கி வந்து எங்கள் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார். பல வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துக்குள் புகுந்த காட்டுமாட்டை விரட்டப் போய், அது இவரைத் தூக்கி எறிந்து, தொடை கிழிந்து, மதுரையில் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிப் பிழைத்தவர். தழும்பைக் கேட்டால் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.

அப்படிப்பட்ட மனுஷன், நான் ரத்தம் எடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சந்தை நாளில் வந்தபோது வீட்டுக்குள் வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "எனக்குப் பேப்பர் கப்பு இருந்தா அதுல குடுங்கண்ணே" என்றார்.

பேப்பர் கப்பா? எங்கள் வீட்டிலா? விடுவேனா... துருவித் துருவிக் கேட்டதும் கொட்டிவிட்டார்.

தோட்டத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறார். அதில் ஒரு டாக்டர் பேசியிருக்கிறார். "முன்னெல்லாம் ஏத்துன ரத்தத்துல ஹெபடைட்டிஸ் சி-ன்னு ஒரு கிருமி இருந்திருக்கலாமாம்ணே. அப்பல்லாம் அதுக்கு டெஸ்ட்டு பாக்காமத்தான் ஏத்துவாகளாம். ஈரலுக்குள்ள சத்தமில்லாம வருசக்கணக்கா கெடக்குமாம். ரத்தத்துல ரத்தம் பட்டா அடுத்தவகளுக்கும் ஒட்டிக்கிருமாம்."

"அப்புறம்?"

"அப்புறம் ரேடியோ கொரகொரன்னுடுச்சு."

வினையே அந்தக் கொரகொரப்பில்தான். மீதியை இவரே முடிவு பண்ணிக்கொண்டார். பூண்டுக் காட்டில் உழைக்கிற கை... வெடிப்பும் கீறலும் இல்லாத நாள் கிடையாது. அந்தக் கையால் பிள்ளையைத் தொடலாமா? கூடாது! கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து, பழனிக்குக் காவடி எடுத்துப் பிறந்த பெண் குழந்தை. ஒரு வயசுகூட ஆகவில்லை. அதை இவர் தூக்கி ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறதாம். தனித் தட்டு, தனி டம்ளர்; படுக்கையோ பூண்டு மூட்டை அடுக்குகிற அறையில். பெண் பிள்ளை என்பதால்தான் மனுஷனுக்கு ஒட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு மனைவி வள்ளி அழுதுகொண்டிருக்கிறாள்.

"டெஸ்ட் பாத்துர வேண்டியதுதானே?"

"எங்கிட்டுண்ணே பாக்க? டவுன் லேப்புல இருக்கிறது வள்ளியோட பெரியம்மா மகன். ரிசல்ட்டு என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி மேல்மலை பஸ்ல ஏறிரும்."

நியாயமான பயம்தான். நம் ஊரில் லேப் ரிப்போர்ட்டை எதற்குக் கவரில் போட்டு ஒட்டுகிறார்கள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம் உண்டு. பிரிக்காமலே எல்லாரும் படித்துவிடுகிறார்களே!

ஆனால் எனக்குத்தான் எதற்கும் ஒரு வழி தெரியுமே. கல்யாணியின் தங்கை சுதா அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரவிருந்தாள். அங்கே மருந்துக் கடையிலேயே இதற்கு ஒரு டப்பா விற்கிறார்கள். வீட்டிலேயே விரலைக் குத்தி, ஒரு அட்டையில் இருக்கிற வட்டத்தில் ரத்தத்தை விட்டு, காயவைத்து லேபுக்கு அனுப்பினால் போதும். பேர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு நம்பர்தான். போன் போட்டு நம்பரைச் சொன்னால் ரிசல்ட்டைச் சொல்லிவிடுவார்கள். பெரியம்மா மகன் அமெரிக்கா வரைக்குமா வரப்போகிறார்?

டப்பா வந்தது. எடுத்துக்கொண்டு ஜீப்பில் மேல்மலைக்குப் போனேன். 'சுகர் டெஸ்ட்' என்று வள்ளியிடம் வேலுச்சாமி ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தார். காட்டுமாட்டை எதிர்த்து நின்ற வீரர், அந்தத் துக்கடா ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். குத்தினேன். ரத்தம் வரவில்லை. மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய விரல்... எங்கே வரும்? சுண்டு விரலுக்கு மாறிய பிறகு ஒருவழியாக வட்டம் நிறைந்தது.

இனி காய வேண்டும். வெயிலில் வைக்காதே, சூடு காட்டாதே, காற்றில் தானாகக் காயவிடு — டப்பாவில் எழுதியிருந்தது. நானும் படித்தேன். அட்டையை ஜன்னல் கட்டையில் வைத்து, "இது காயணும்மா" என்று வள்ளியிடம் சொல்லிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்தைப் பார்க்கப் போனோம்.

வெளியே எதிரில் நிற்கிற ஆள் தெரியாத பனி. துவைத்துப் போட்ட துண்டே நாள் கணக்கில் ஈரமாகக் கிடக்கிற ஊர் அது. அங்கே இருக்கிறவளிடம் போய் 'காயணும்' என்று சொன்னால் என்ன செய்வாள்? அவர்கள் பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவார்கள். அப்படிக் காய்ந்தால்தான் வருஷம் முழுக்கக் கெடாது.

திரும்பி வந்து பார்த்தால், பூண்டுக் கொத்துகளுக்கு நடுவே கிளிப் மாட்டி அட்டை தொங்குகிறது! கீழே விறகு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது.

"வெரசாக் காயட்டுமேன்னு போட்டேண்ணே. பாருங்க, மொறுமொறுன்னு ஆயிருச்சு!"

ஆமாம், அப்பளம் மாதிரிதான் ஆகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். அசல் மலைப்பூண்டு வாசம். அதற்காக நான் அசந்துவிடுவேனா? ரத்தம் என்றால் ரத்தம்தானே என்று உறையில் போட்டுக் கொண்டுவந்து சுதாவிடம் கொடுத்தேன். அவளும் அடுத்த நாளே பிளேன் ஏறிவிட்டாள்.

அதற்கப்புறம் சந்தை நாளெல்லாம் வேலுச்சாமி வாசலில் நின்றார். "அமெரிக்காக்காரவுக ஏதும் சொன்னாகளாண்ணே?" ஆள் பாதியாக இளைத்துவிட்டார். பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாளாம். தவழ்ந்து இவரிடம்தான் வருகிறாளாம். இவர் எழுந்து வெளியே போய்விடுகிறாராம்.

கடைசியில் சுதா போன் பண்ணினாள். "அத்தான், சாம்பிள் டெஸ்ட் பண்ற நிலைமையிலயே இல்லையாம். அத என்ன பண்ணீங்க... ரசம் வச்சீங்களா?"

உடனே இங்கே தெரிந்த டாக்டர் ஒருவரிடம் ஓடினேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கே ஆத்திரம் வந்தது. "தூக்குறது, கொஞ்சுறது, ஒரே தட்டுல சாப்பிடுறது... இதுலெல்லாம் இது பரவாது சார். ஷேவிங் பிளேடைத் தனியா வச்சுக்கட்டும். கையில காயம் இருந்தா துணியச் சுத்திக்கட்டும். ஆனா முறையா டெஸ்ட் பாத்தே ஆகணும்."

ரேடியோ விழுங்கியது இதைத்தான்!

மறுநாள் வெள்ளனே கிளம்பி மேல்மலைக்குப் போனேன். வேலுச்சாமியை முற்றத்தில் நிறுத்தி, "சாம்பிள் வீணாப் போச்சு, அமெரிக்காவுல முடியாதுன்னுட்டாங்க" என்றேன். பின்னாலிருந்து குரல் வந்தது. இடுப்பில் பாப்பாவோடு வள்ளி.

"சுகரு டெஸ்ட்டுக்கு எதுக்குண்ணே அமெரிக்கா போகுது?"

வேலுச்சாமியே தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம். "அப்ப பொட்டப்புள்ளைன்னு இல்லையா? இதுக்குத்தானா? எம்புட்டு நாளா நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டுக் கெடந்தேன்... ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிருவீக?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நான் முடிக்கவே இல்லை. வள்ளி, வேலுச்சாமியின் தோளில் கிடந்த துண்டை இழுத்து, வெடித்த கையில் சுற்றிக் கட்டி, அவரைப் பிடித்து உட்காரவைத்து, பாப்பாவை மடியில் வைத்துவிட்டாள். "பிடிங்க!"

பாப்பா மீசையைப் பிடித்து இழுத்தாள். மனுஷன் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். கல்யாணிக்கு அது தெரியாது, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அன்றைக்கே டவுன் லேபுக்குப் பஸ் ஏறினோம். "என்ன வள்ளி, குடும்பத்தோட எங்கிட்டு?" என்று யாரோ கேட்டார்கள். "இவுகளுக்கு ரத்தம் பாக்கப் போறோம். ஈரல்ல கிருமி இருக்கான்னு!" பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் திரும்பி, "எனக்குக்கூட ஆப்ரேசன் அப்ப ரத்தம் ஏத்துனாக. நானும் பாக்கணுமோ?" என்று கேட்டார்.

எந்த ஊர் வாய்க்குப் பயந்து அமெரிக்கா வரைக்கும் ஓடினோமோ, அந்த வாய் திறந்து கேட்டது இதைத்தான். உங்களில் யாராவது அந்த நாளில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால் நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மறைத்து வைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

லேபில் வள்ளிக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்தார்கள்; அவளுக்கு ஒன்றுமில்லை. வேலுச்சாமிக்கு, கிருமி எப்போதோ உள்ளே வந்த தடம் தெரிகிறதாம். இன்னும் இருக்கிறதா என்று பார்க்க இரண்டாவது டெஸ்ட் மதுரைக்குப் போயிருக்கிறது. சிலருக்குத் தானாகவே போய்விடுமாம். போகாவிட்டால் வைத்தியம் இருக்கிறது என்கிறார் டாக்டர். பார்த்துக்கொள்ளலாம்!

ரிசல்ட் வந்ததா என்று கேட்க நேற்று போன் போட்டேன். வள்ளிதான் எடுத்தாள்.

"இன்னும் வரலைண்ணே. அவுகள இப்பக் கூப்பிட முடியாது... மடியில புள்ள தூங்குது, அசைய மாட்டேங்குறாக."