உம் கொட்டாதவளுக்குக் கதை இல்லை

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்... ஆனா, ஆராய்ச்சி எங்க?"

போன வியாழக்கிழமை என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே பேராசிரியர் கேட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நாற்பத்தெட்டு வயதில் கம்யூனிகேஷன் எம்.ஏ. படிக்கப் போனால் இதெல்லாம் உண்டுதானே!

கையில் சிவப்புப் பேனா. பேட்டிகளின் நடுவே நான் 'உம்' கொட்டியதாக எழுதியிருந்த இடங்களையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு முழுப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு.

"ஆராய்ச்சி பண்றவங்க நடுவுல பேசக் கூடாது. இங்க உங்க சொந்தக் கதை வேற! அதை எடுத்துடுங்க, கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் கடைசித் தேதி. கையெழுத்து இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு. ஆனாலும் அந்தப் பக்கத்தை எடுக்க எனக்கு மனசில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மீன் விற்கும் பெண்களுக்கு செல்போன் எப்படிப் பயன்படுகிறது — இதுதான் என் தலைப்பு. நாற்பது கேள்விகளோடு தவளக்குப்பம் மார்க்கெட்டுக்குப் போனேன். 'மீன் விலையை அறிய செல்போனைப் பயன்படுத்துகிறீர்களா?' எல்லோரும் 'ஆமாம்' என்றார்கள். எல்லாக் கேள்விக்குமே 'ஆமாம்'தான். வியாபார நேரத்தில் என்னை அனுப்பிவைக்க அதுதானே சுருக்கு வழி!

அடுத்த வாரம், கூடைகள் காலியான பிறகு, டேப் ரெக்கார்டரோடு போய் அவர்களோடு உட்கார்ந்தேன். "செல்போன் வாங்கின கதையைச் சொல்லுங்க" என்றேன். அஞ்சலாட்சி என்ற அம்மாள் ஆரம்பித்தார். பாடத்தில் படித்தபடி நான் முகத்தில் எதையும் காட்டாமல் இருந்தேன். நாலு வாக்கியம்... நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, செவுத்துகிட்டயா பேசிக்கினு இருக்கேன்? உம் கொட்டு. உம் கொட்டாதவளுக்கு எவ கதை சொல்லுவா?"

"உம்" என்றேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கதை வந்தது. விலை கேட்கவா போன்?

"எல்லாக் கண்டக்டரும் கூடைய ஏத்த மாட்டான். நாத்தம்பான். முந்தின ஸ்டாப்புல பூங்காவனம் நிப்பா. எந்தக் கண்டக்டர்னு பாத்துட்டு எனக்கு மிஸ்டு கால் குடுப்பா. ஒண்ணு குடுத்தா, ஏத்துற ஆளு, ரோட்டுக்கு ஓடியா. ரெண்டு குடுத்தா, டெம்போ புடி."

பக்கத்திலிருந்த பூங்காவனம் பதறினார்: "போன எடுத்துடக் கூடாது. எடுத்தா எங் காசு பூடும்!"

என் நாற்பது கேள்விகளில் இது எங்கே இருந்தது?

அப்புறம் அஞ்சலாட்சி என் பக்கம் திரும்பினார். "எங்களையே கேக்கறியே, நீ சொல்லு. பஸ்ல உனுக்கு ஒண்ணும் நடக்கலியா?"

நடந்தது. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கி, பைக்குள் பை போட்டுச் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். தண்ணீர் கசிந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்த கண்டக்டர், எதிரே காலிக் கூடையோடு நின்ற மீன்காரப் பெண்ணைத் திட்டி நடுவழியில் இறக்கிவிட்டார். நாற்றம் என் மீனுடையது. நானோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லி முடித்தபோது அழுகை வந்துவிட்டது. எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"உம்..." என்றார் அஞ்சலாட்சி. "அப்பறம்?"

"அப்புறம் ஒண்ணுமே செய்யலம்மா."

"இனிமே செய்யி."

இந்தக் கதை இருந்த பக்கத்துக்குத்தான் பேராசிரியர் குறுக்கே கோடு போட்டிருந்தார். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டது போதாதா?

"எடுக்க மாட்டேன் சார். அவங்க கதை மட்டும் வேணும், நான் மட்டும் யோக்கியமா ஓரமா நிக்கணும்னா அது ஆராய்ச்சி இல்ல, வேடிக்கை. வருஷம் போனா போகட்டும்."

ஆய்வேட்டை இழுத்து மூடினேன்.

"நீங்க அதை முழுசாப் படிக்கல. நானே சொல்றேன், கேளுங்க."

சொன்னேன். வஞ்சிரம், கசிந்த தண்ணீர், கண்டக்டர்... அந்தப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன்.

"உம்..." என்றார் பேராசிரியர். "அப்புறம்?"

"சார், இந்த 'உம்'மையும் அடிச்சிடவா?"

அவர் சிரித்துவிட்டார். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, கையெழுத்துப் போட நீலப் பேனாவைத் தேடினார்.

கேள்வி கேட்டால் பதில் கிடைத்துவிடும். கதை வேண்டுமென்றால் நம் பையையும் கொஞ்சம் திறந்து காட்டத்தான் வேண்டும்.

சனிக்கிழமை கடலூர் பஸ்ஸில் ஏறினேன். படிக்கட்டு ஓரம் ஒரு மீன் கூடை. "யாருதும்மா இது?" என்று கண்டக்டர் கத்தினார். மீன்காரம்மா வாயைத் திறக்கும் முன்பே எழுந்து நின்றேன்.

"என்னுது!"