வீட்டு மாத்திரை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் கறிவேப்பிலை கேட்பதைப் போலத்தான் மாத்திரையும் கேட்பார்கள். ஒருவர் முட்டி வலிக்கு இன்னொருவர் வீட்டு மாத்திரை. கிளினிக்கில் தன் பெயர் போட்டுக் கொடுத்தால்தான் அது மருந்து. வீட்டில் கிடப்பது மருந்தில் சேர்த்தியில்லை. இந்த ஞானத்தை எங்களுக்கு யார் கொடுத்தார்களோ, அவர்கள் நாசமாய்ப் போக.

ரஞ்சிதம் கல்யாணமாகி வந்த நாள் முதல் சரிவில் நின்று கத்தரியால் கொழுந்து வெட்டியவள். ரத்தப் புற்றுநோய் வந்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் ஊசியும் டிரிப்புமாகக் கிடந்து, கொட்டிய முடி மறுபடி முளைத்து, ஒருவழியாகத் தினம் மாத்திரை போட்டால் போதும் என்ற கட்டத்துக்கு வந்திருந்தாள். நோய் திரும்பி வராமல் தடுப்பது அந்த மாத்திரைதான். புருஷன் ஆண்டியப்பன் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். அவருக்குக் கவுட் என்கிற மூட்டுவாதம். கால் பெருவிரல் வீங்கிவிட்டால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதற்கு அவருக்கும் தினம் ஒரு மாத்திரை.

மழைக் காலத்தில் ரஞ்சிதத்துக்கு முட்டி வலித்தது. ஆண்டியப்பன் தன் மாத்திரையை நீட்டினார்.

"இதப் போட்டுப் பாரு. எனக்கு நல்லா கேட்டுச்சு லா."

அன்பை வாயால் சொல்லத் தெரியாத மனிதர். அவளும் தினம் சந்தோஷமாகத்தான் வாங்கிப் போட்டாள்.

சில வாரத்தில் வாயெல்லாம் புண். பிறகு காய்ச்சல். கம்போங் ராஜா வழியாக மலையிறங்கி ஈப்போ போய்ச் சேர்வதற்குள் துவண்டுவிட்டாள். வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. வேறு மருந்து, ஜாமு என்கிற மூலிகைச் சாறு, நாட்டு வைத்தியம் ஏதாவது உண்டா என்று டாக்டர் மலாயில் கேட்டார். இல்லை என்றாள். அவள் வரையில் அது பொய்யில்லை. நோயே திரும்பியிருக்கலாம், எலும்பு மஜ்ஜையை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

ரஞ்சிதம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்குப் போதுங்க. வீட்டுக்குப் போலாம்."

அப்போதுதான் மருந்துப் பிரிவிலிருந்து ரூபினி என்ற பெண் வந்தாள். அவள் வேறு விதமாகக் கேட்டாள்.

"ஆண்ட்டி, வீட்டுல வேற யாராச்சும் மாத்திர சாப்புடுறாங்களா?"

"இவருதான். கவுட்டுக்கு."

"அத நீங்களும் போட்டீங்களா?"

"நாந்தான் குடுத்தேன்," என்றார் ஆண்டியப்பன்.

ரூபினி அவர் பக்கம் திரும்பினாள். "ஆண்ட்டியோட மாத்திரய ஒடம்பு ஒடச்சு வெளிய தள்ளணும், அங்கிள். ஒங்க மாத்திர அந்த வழிய அடைச்சிரும். மருந்து உள்ளயே சேந்து, ரத்தம் ஊறுற எடத்தையே அழிச்சிரும். ஒங்களுக்கு அது நல்ல மருந்துதான், நீங்க விட்றாதீங்க. ஆண்ட்டிக்குத்தான் ஆகாது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு மாத்திரையையும் ரஞ்சிதத்துக்கு நிறுத்தினார்கள். தனி அறையில் அவள் கிடக்க, ஆண்டியப்பன் கண்ணாடிக்கு வெளியே நின்றார். ரத்த அணுக்கள் மெல்ல மெல்லக் கூடின. நோய் திரும்பவில்லை என்பதும் தெரிந்தது. தன் மாத்திரையை மட்டும் மறுபடி தொடங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிற அளவுக்குத் தேறி அவள் வீடு வந்தாள்.

ஆண்டியப்பன் தன் மாத்திரைகளை ஒருவருக்கும் சொல்லாமல் சாக்கடையில் கொட்டிவிட்டார். அதைத் தொடவே அவருக்குக் கை கூசியது. ரஞ்சிதத்தை மறுபடி ஈப்போவில் காட்ட வேண்டிய நாளன்று கால் வீங்கிப்போய், கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

"யாரக் கேட்டு நிறுத்துனீங்க?" என்றாள் ரஞ்சிதம், காலி மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு. "நீங்களும் படுத்துட்டா என்னைய யாரு கூட்டிட்டுப் போவா?"

"ஒன்னையக் கொல்லப் பாத்தேனே ரஞ்சிதம். எம்மேல ஒனக்குக் கோவமே இல்லியா?"

அவள் மூச்சு வாங்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இருக்கு. இப்பத் தெம்பில்ல. தெம்பு வரட்டும், அப்புறம் வெச்சுக்கிறேன்."

அவளிடம் வயிறாரத் திட்டு வாங்குகிற நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று ஆண்டியப்பன் சாமியை வேண்டிக்கொண்டார்.